மூன்று விலைப்புள்ளிகளும் ஒரு பல் மருத்துவமனையும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கும்பகோணத்தில் ஒன்பது ஆண்டுகளாகப் பல் மருத்துவமனை நடத்தி வருகிறேன். இரண்டு சிகிச்சை நாற்காலிகளும் ஒரு வரவேற்பாளரும் உள்ள சிறிய இடம். இணையதளம் அமைக்க மூன்று பேரிடம் விலைப்புள்ளி கேட்டேன். ஒருவர் 12,000 ரூபாய் என்றார். இன்னொருவர் 45,000 ரூபாய் என்றார். சென்னை நிறுவனம் ஒன்று 1,60,000 ரூபாய் என்று எழுதி அனுப்பியிருக்கிறது. ஒரே வேலைக்கு இத்தனை வேறுபாடு ஏன்? முதலாண்டுக்கு எவ்வளவு ஒதுக்குவது?
— பல் மருத்துவர் ஒருவர், கும்பகோணம்

பதில்: டாக்டர், அவர்கள் மூவரும் சொல்வது ஒரே வேலை அல்ல. 12,000 ரூபாய்க்குத் தருபவர் பெரும்பாலும் ஆயத்தமாகக் கிடைக்கும் ஒரு வார்ப்பில் (டெம்ப்ளேட்) உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பொருத்தித் தருவார். எழுத வேண்டியதையும் படங்களையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். 1,60,000 ரூபாய் விலைப்புள்ளியில் இணையவழி முன்பதிவு, நோயாளிகளுக்கான செயலி, கூகுள் தேடலில் தளத்தை முன்னே கொண்டுவரும் ஆறு மாதத் தேடல் மேம்பாடு ஆகியவை அடங்கியிருக்கும். அவற்றில் எது உங்களுக்குத் தேவை என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், தொகையைப் பற்றிய குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

பாபநாசத்திலோ திருவிடைமருதூரிலோ இரவெல்லாம் கடவாய்ப்பல் வலியால் தூங்காத ஒருவர் விடிந்ததும் கைப்பேசியில் எதைத் தேடுவார் என்று யோசித்துப் பாருங்கள். இன்று மருத்துவர் இருக்கிறாரா, எத்தனை மணிக்கு வருவார், இடம் பேருந்து நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம், பார்ப்பதற்கு என்ன கட்டணம் ஆகியவைதான் அவருக்கு வேண்டியவை. அழைப்பதற்கு ஒரு பொத்தான், வாட்ஸ்அப்புக்கு ஒன்று, வரைபடத்துக்கு ஒன்று என மூன்று பொத்தான்கள் முதல் திரையிலேயே தெரிந்தால் அவருக்குப் போதும். இம்மூன்றுக்கும் தனிச் செலவு கிடையாது. கூகுள் வரைபடத்தில் உங்கள் மருத்துவமனையைப் பதிவு செய்வதும் இலவசமே. இணையதளத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதைச் செய்து முடித்துவிடுங்கள்.

இனித் தொகைக்கு வருகிறேன். உங்கள் அளவுக்கு ஐந்தாறு பக்கங்கள் போதும். நானாக இருந்தால் வடிவமைப்புக்கு 30,000, எழுத்துக்கு 10,000, புகைப்படங்களுக்கு 8,000, இணைய முகவரிக்கும் (டொமைன்) தளத்தை வைத்திருக்கும் சேமிப்பிடத்துக்கும் (ஹோஸ்டிங்) 6,000 என்று பிரித்து, வரியையும் சேர்த்து ஏறத்தாழ 64,000 ரூபாய் ஒதுக்குவேன். இரண்டாம் ஆண்டிலிருந்து புதுப்பித்தலுக்கும் சிறு திருத்தங்களுக்கும் 15,000 ரூபாயைத் தனியே வைத்துக்கொள்வேன். சேமிப்பிடம் விற்பவர்கள் முதலாண்டுக்கு மட்டும் விலையைக் குறைத்துக் காட்டுவது வழக்கம் என்பதால், புதுப்பிக்கும் விலை என்ன என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

வரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மருத்துவர்கள் பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஜி.எஸ்.டி. பதிவுள்ள வடிவமைப்பாளர் 18 விழுக்காடு வரி சேர்த்தே பில் போடுவார். 45,000 ரூபாய் 53,100 ஆகும், 1,60,000 ரூபாய் 1,88,800 ஆகும். வணிக நிறுவனம் என்றால் அந்த வரியை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது தான் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்து, திரும்ப எடுத்துக்கொள்ளும். மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால் உங்களுக்கு அந்த வழி இல்லை; அந்தத் தொகை முழுவதும் உங்கள் செலவுதான். அழகுக்காக மட்டும் செய்யப்படும் சிகிச்சைகளின் நிலை வேறு என்பதால், அதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இணைய முகவரிப் பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைப்பேசி எண்ணில் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவர் இதை வடிவமைப்பாளரின் பொறுப்பில் விட்டுவிட்டார். அந்த வடிவமைப்பாளர் தம் பெயரிலேயே பதிவு செய்து வைத்திருந்தார். மூன்றாம் ஆண்டில் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். மருந்துச் சீட்டிலும் பெயர்ப்பலகையிலும் அச்சிட்டிருந்த முகவரி, புதுப்பிக்க ஆளில்லாமல், ஒரே நாளில் செத்துப்போனது. ஆகவே பணத்தை மூன்று தவணைகளாகக் கொடுங்கள். எல்லாக் கடவுச்சொற்களும் உங்கள் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணை. ('.இந்தியா' என்று தமிழிலேயே முடியும் முகவரியும் இப்போது கிடைக்கிறது. ஆசைக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். விசிட்டிங் கார்டில் ஆங்கில முகவரியையும் சேர்த்தே அச்சிடுங்கள்.)

எழுத்துக்கு 10,000 ரூபாயா என்று தோன்றலாம். உங்கள் நோயாளிகள் 'பல்லுக்குக் கம்பி', 'பல் செட்', 'சொத்தைப் பல்', 'ரூட் கெனால்' என்றுதான் சொல்வார்கள். இந்தச் சொற்கள் பக்கத்தில் இருந்தால்தான் தேடுபவருக்கு அது கிடைக்கும். தமிழ்ப் பகுதியை டி.டி.பி. கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வாங்கிப் படமாக ஒட்டிவிட்டால் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும், ஆனால் தேடுபொறி அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. எல்லாக் கருவிகளும் தேடுபொறிகளும் படிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடில்தான் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். 'வலியே இல்லாத', 'மாவட்டத்திலேயே முதன்மையான' போன்ற அடைமொழிகளைத் தவிர்த்துவிடுங்கள். விளம்பரத்தால் நோயாளிகளை ஈர்ப்பதைப் பல் மருத்துவர்களுக்கான 2014ஆம் ஆண்டின் ஒழுக்கவிதிகள் ஏற்பதில்லை. புகைப்படங்களில் வெளிநாட்டவரின் வெண்பற்கள் வேண்டாம். உங்கள் முகம், கருவிகளைக் கிருமிநீக்கும் இடம், தெருவிலிருந்து பார்த்தால் தெரியும் வாசல் ஆகியவை இருக்கட்டும். மருத்துவமனை மாடியில் இருந்தால் படிக்கட்டையும் காட்டுங்கள். பல் செட்டுக்காக அப்பாவை அழைத்து வரப்போகும் மகள் முதலில் அதைத்தான் பார்ப்பாள்.

கேள்வி: நோயாளிகள் எக்ஸ்ரே படத்தையும் நோய் விவரத்தையும் இணையதளத்திலேயே பதிவேற்றும் வசதிக்கு மேலும் 20,000 ரூபாய் கேட்கிறார்கள். செய்யலாமா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலாண்டில் வேண்டாம். பெயர், தொலைபேசி எண், வரத்தக்க நேரம் ஆகிய மூன்றையும் கேட்கும் எளிய படிவம் போதும். நீங்கள் வாங்கி வைக்கும் ஒவ்வொரு விவரத்தையும் காக்கும் பொறுப்பு உங்களுடையது. பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமுண்டு. சிறிய மருத்துவமனைக்கு அத்தனை பெரிய தொகை வராது என்று வைத்துக்கொண்டாலும், 20,000 ரூபாய் கொடுத்து ஒரு தலைவலியை வாங்குவானேன்?

கேள்வி: மாதம் 8,000 ரூபாய் கொடுத்தால் எங்கள் பல் மருத்துவமனையைக் கூகுளில் முதலிடத்துக்குக் கொண்டுவருவதாக ஒரு நிறுவனம் உறுதி தருகிறது. நம்பலாமா?
— வாசகர், மதுரை

பதில்: முதலிடத்துக்கு யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. அருகிலுள்ள இடங்களைத் தேடும்போது, தேடுவதற்கு எவ்வளவு பொருத்தம், எவ்வளவு தூரம், எவ்வளவு அறியப்பட்ட இடம் என்பவற்றைக் கொண்டே வரிசை அமைகிறது. இவற்றில் தூரத்தை எந்த நிறுவனத்தாலும் மாற்ற முடியாது. சிகிச்சை முடிந்து மகிழ்ச்சியுடன் கிளம்பும் நோயாளியிடம், கூகுள் வரைபடத்தில் உங்கள் மருத்துவமனையைப் பற்றி இரண்டு வரி எழுதும்படி உங்கள் வரவேற்பாளரே கேட்கலாம். அதற்காகக் கட்டணத்தில் தள்ளுபடி மட்டும் தந்துவிடாதீர்கள். கூகுளின் விதி அதைத் தடை செய்கிறது, கண்டறிந்தால் அந்தக் கருத்துகளை நீக்கிவிடும்.