இரண்டே நாளில் திரும்பி வந்த கட்டுரை

கேள்வி: தாவரவியலில் பிஎச்.டி. நான்காம் ஆண்டு. ஒரு மூலிகையின் இலை உள்ளமைப்பு பற்றி நான் அனுப்பிய கட்டுரையை ஓர் ஆய்விதழ் இரண்டே நாளில் திருப்பிவிட்டது. ‘பத்து நாளில் பிரசுரம், 8,000 ரூபாய்’ என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் சொல்கிறார். கொடுத்துவிடலாமா?
– வாசகி, கோவை

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. பத்து நாளில் போட்டுத் தருகிறேன் என்பவர் உங்கள் கட்டுரையை யாரிடமும் படிக்கக் கொடுக்கப் போவதில்லை. ஒருமுறை அங்கே வெளியாகிவிட்டால் அதையே நல்ல இதழுக்கு அனுப்பவும் முடியாது. நான்கு வருட உழைப்பு அதோடு முடங்கிவிடும். ‘யூஜிசி கேர் பட்டியலில் இருக்கிறது’ என்று ஆசை காட்டினாலும் நம்பாதீர்கள். தரமான ஆய்விதழ்களைத் தொகுத்த அந்தப் பட்டியலை, பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் யூஜிசியின் 2022 பிஎச்.டி. விதிமுறைகளில் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக ஏதும் விதி வைத்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் என்றால் கட்டுரை, அதை மதிப்பிடும் துறை நிபுணரான ரிவ்யூவர் வரைக்கும் போகவில்லை, எடிட்டரே திருப்பியிருக்கிறார். ஆய்வு மோசம் என்று அதற்கு அர்த்தமில்லை. நீங்கள் இணைத்திருந்த பிரதியைப் படித்தேன். இலையின் குறுக்குவெட்டுப் படங்கள் அவ்வளவு தெளிவு! ஆனால் அடியில் ‘400 மடங்கு’ என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். பக்கத்துக்கு ஏற்ப படத்தைச் சுருக்கியதுமே அந்த எண் தப்பாகிவிடும். படத்துக்குள்ளேயே ஓர் அளவுகோடு வரைந்து ‘50 மைக்ரோமீட்டர்’ என்று குறித்தால், படத்தோடு கோடும் சேர்ந்து சுருங்கும், கணக்கு மாறாது. எந்தப் படத்திலும் அந்தக் கோடு இல்லை.

அப்புறம், ஹெர்பேரியம் எண் எங்கே? உலர்த்திய செடி மாதிரிகளைப் பாதுகாக்கும் காப்பகமான ஹெர்பேரியம், உங்கள் மாதிரிக்குக் கொடுக்கும் எண் அது. நீங்கள் வெட்டிப் பார்த்தது அந்தச் செடிதான் என்பதற்கு அதுதான் சாட்சி. உங்கள் ஊரிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஹெர்பேரியம் இருக்கிறது. பூவோடு அழுத்தி உலர்த்திய மாதிரியை அங்கே கொண்டுபோய் இனத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். மாதிரியை ஒரு ஹெர்பேரியத்தில் ஒப்படைத்து, எண்ணைக் கட்டுரையில் சேருங்கள்.

சரி, இனி எந்த இதழுக்கு அனுப்புவது? மனதில் வைத்திருக்கும் இதழின் கடைசி இரண்டு வருடத்தைப் புரட்டுங்கள். இலை உள்ளமைப்பு பற்றி ஒரு கட்டுரைகூட இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இருந்தால், கட்டுரை எழுதுவோருக்கான அறிவுரைப் பக்கத்தை அச்செடுத்து வரி வரியாக டிக் செய்யுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பவே கூடாது.

கட்டுரையில் யார் பெயர் முதலில், யார் பெயர் அடுத்து என்ற வரிசையை இப்போதே கைடிடம் பேசி முடித்துவிடுங்கள். அனுப்பிய பிறகு மாற்றுவதென்றால் பல இதழ்களில் கட்டுரையில் பெயருள்ள எல்லோரின் ஒப்புதலையும் எழுத்தில் கேட்பார்கள்.