மந்திரக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கும்?

சிறுவர் கதை எழுதுவோருக்கான கேள்வி – பதில்

கேள்வி: அண்ணனும் தங்கையும் ஜெய்ப்பூரின் பழைய வானாய்வுக் கூடமான ஜந்தர் மந்தரில் ஒரு மந்திரக் கதவு வழியாக 1734-க்குப் போகிறார்கள். இளஞ்சிவப்பு நகரத்தையும் ஹவா மஹாலையும் கண்டு வாய் பிளக்கிறார்கள். முதல் அத்தியாயத்தை இப்படி முடிக்கலாமா? (சேலம் வாசகி)

பதில்: இரண்டுமே அப்போது கிடையாது. ஹவா மஹால் 1799-இல் கட்டியது. இளஞ்சிவப்பு, 1876-இல் வேல்ஸ் இளவரசர் வந்தபோது அடித்த வண்ணம். நகரத்துக்கு அடிக்கல் நாட்டியதே 1727-இல்தான் என்பதால் 1734-இல் அது ஏழு வயது ஊர். பாதி எழும்பிய சுவர், ஈரச் சுண்ணாம்பு, உளிச் சத்தம் என்று எழுதுங்கள். ஹவா மஹாலை நீக்கிவிடவும் வேண்டாம். தங்கை அதைத் தேடட்டும். நேற்றுப் பார்த்த ஐந்து மாடிக் கட்டடம் இருந்த இடத்தில் வெறும் வெளி! காலம் மாறிவிட்டதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஆண்டைச் சொல்ல ஒரு சாமியாரைக் கொண்டுவரும் வேலையும் மிச்சம்.

கேள்வி: என் கதையிலும் ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தர் கதவுதான். அது பகல் 12 மணிக்குத் திறக்கிறது. ஆனால் விறுவிறுப்பு வரவில்லையே? (மதுரை வாசகர்)

பதில்: யாருடைய 12 மணி என்று கேளுங்கள், விறுவிறுப்பு தானாக வரும். நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. ஜெய்ப்பூர் இருப்பது ஏறக்குறைய 75.8 பாகையில். பாகைக்கு 4 நிமிடம் வீதம், சூரியன் அங்கே உச்சிக்கு வர சுமார் 27 நிமிடம் தாமதமாகும். அதோடு பருவத்துக்கேற்ற ஏற்ற இறக்கமும் உண்டு. நவம்பர் தொடக்கத்தில் உச்சிப்பொழுது 12.10-ஐ ஒட்டி வரும். பிப்ரவரி நடுவில் 12.41 ஆகிவிடும். கைக்கடிகாரத்தை நம்பி 12 மணிக்குச் சுவரில் முட்டிக்கொள்ளும் அண்ணன், 'எல்லாம் கட்டுக்கதை' என்று கிளம்பிவிடுவான். நிழலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தங்கைதான் உள்ளே போவாள்.

ஜந்தர் மந்தரின் பெரிய சூரியக் கடிகாரம் சாம்ராட் யந்திரம். நடுவில் சாய்வான சுவர், இருபுறமும் நேரம் காட்டும் வளைவுகள். உயரம் சுமார் 27 மீட்டர். காலையில் சுவரின் நிழல் மேற்கு வளைவின் உச்சியில் தொடங்கி இறங்கும். உச்சிப்பொழுதில் அடிக்கு வந்து, பிறகு கிழக்கு வளைவில் ஏறும். வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர், அதாவது கண்ணால் பார்க்கலாம். கதவு ஒரு நிமிடம் திறந்திருக்கும் என்றால் நிழல் ஆறு சென்டிமீட்டர் நகரும் வரை என்று எழுதுங்கள். வாசிக்கும் பிள்ளை விரலால் அளந்து பார்க்கும்.

இன்னொன்று. சூரியன் புள்ளியல்ல, வட்டு. அதனால் அவ்வளவு உயரத்திலிருந்து விழும் நிழலின் விளிம்பு சில அங்குலத்துக்குக் கலங்கித் தெரியும். வளைவுக்கு அருகே மெல்லிய நூலை இழுத்துப் பிடித்தால் அளவு துல்லியமாகும். உங்கள் மந்திரப் பொருள் அந்த நூலாகவே இருக்கட்டுமே!

கேள்வி: என் நாயகியின் மந்திர வளையல் கேட்டதெல்லாம் தரும். கதை நடுவில் தொய்ந்துவிடுகிறது. (கோவை வாசகி)

பதில்: கேட்டதெல்லாம் கிடைத்தால் தொய்யாமல் என்ன செய்யும்? மந்திரத்துக்கு விலை வையுங்கள், அந்த விலை எண்ணக்கூடியதாக இருக்கட்டும். ஏழு சாண் நூல் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் எரிந்துபோகும். வீடு திரும்ப ஒரு சாண் கட்டாயம் வேண்டும். இதை முதல் இரண்டு அத்தியாயங்களுக்குள் சொல்லிவிடுங்கள். பத்தாவது அத்தியாயத்தில் புது விதி முளைத்தால் பிள்ளைகள் மன்னிக்க மாட்டார்கள். பாதிக் கதை வருவதற்குள் நான்கு சாண் போயிருக்க வேண்டும், அதில் ஒன்றாவது வீணாக.

நடந்ததை மாற்ற முடியுமா, முடியாதா என்பதையும் எழுத உட்காருமுன் தீர்மானியுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வயதினருக்கு 'மாற்ற முடியாது, ஆனால் தொலைந்ததைக் கண்டுபிடிக்கலாம்' என்ற விதி போதும், குழப்பமும் குறைவு.

கேள்வி: தமிழ்ப் பிள்ளைகள் 1734 ஜெய்ப்பூரில் எப்படிப் பேசுவார்கள், எதைச் சாப்பிடுவார்கள்? (திருச்சி வாசகர்)

பதில்: அந்தப் பக்கத்துப் பேச்சு டூண்டாரி. மந்திர நூலைப் பிடித்தால் கேட்பது புரியும், ஆனால் பேச வராது என்று வையுங்கள். சைகையிலேயே இரண்டு அத்தியாயம் ஓடும். கையிலிருக்கும் பத்து ரூபாய் நாணயம் செல்லாது. அங்கே புழங்குவது சுமார் 11 கிராம் வெள்ளி ரூபாய், முகலாய அரசர் முகம்மது ஷாவின் பெயரில். சாப்பாட்டுக்குக் கம்பு ரொட்டி, நெய், வெல்லம், மோர் போதும். தெருமுனையில் டீக்கடை மட்டும் வைத்துவிடாதீர்கள்.