பாட்டி பேசிய மொழியும் பத்திரம் பேசும் மொழியும்

கேள்வி: என் தாயாரின் தாயார் மட்டக்களப்புப் பறங்கியர் (ஐரோப்பியர் வழிவந்த சமூகத்தவர்), வீட்டில் போர்த்துக்கேயம் பேசியவர். அவருடைய ஞானஸ்நானப் பதிவின் பிரதி இலத்தீனிலும், 1950களில் முடிக்கப்பட்ட காணி உறுதி ஆங்கிலத்திலும், அம்பாறை ஆசுபத்திரியில் 1964இல் பிறந்த என் தாயாரின் பிறப்புப் பதிவு சிங்களத்திலும் இருக்கின்றன. போர்த்துக்கேயத்துக்கும் ஒல்லாந்து (டச்சு) மொழிக்கும் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தருவதாக ஒருவர் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, அக்கரைப்பற்று)

பதில்: கொடுக்க வேண்டாம். உங்கள் கையிலுள்ள மூன்று பத்திரங்களில் ஒன்றுகூட அவ்விரு மொழிகளில் இல்லாதபோது, எதை மொழிபெயர்ப்பதற்கு முற்பணம் என்று அந்த மனிதரிடம் முதலில் கேளுங்கள்.

பத்திரத்தின் மொழி அதை எழுதியவரின் மொழி. மட்டக்களப்புக் கோட்டை 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்குப் போய்விட்டது. ஆனால் பறங்கியர் வீடுகளில் போர்த்துக்கேயப் பேச்சு நம் காலம்வரை பிழைத்துக் கிடந்தது. ஒல்லாந்துக் குடும்பப் பெயரைச் சுமந்தவர்களும் வீட்டில் அதையே பேசினார்கள். பதிவேட்டில் பேனா பிடித்த குருவானவரும் நொத்தாரிசும் பதிவாளரும் அதில் எழுதவில்லை. ஒல்லாந்து மொழி உங்களுக்குத் தேவைப்பட வேண்டுமானால், தேடல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்த 1796க்கு முன்னால் போய், கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்தின் வாசலில் நிற்க வேண்டும். அதற்கு இன்னும் பல தலைமுறை இருக்கிறது. குடும்பப் பெயரைக் காட்டினால் போர்த்துக்கல் கடவுச்சீட்டு கிடைக்கும் என்று இதே ஆட்கள் அடுத்ததாகச் சொல்வார்கள். பெயரை மட்டும் வைத்து எந்த நாடும் குடியுரிமை தருவதில்லை.

இலத்தீன் பிரதியில்தான் நீங்கள் சற்று நிதானிக்க வேண்டும். அந்த மொழியில் பெயரின் வால், வாக்கியத்தில் அதற்குரிய இடத்தைப் பொறுத்து மாறும். ‘யோவான்னெஸ்’ என்பவர் தகப்பனாக எழுதப்படும்போது ‘யோவான்னிஸ்’ ஆவார். அதாவது ‘யோவானுடைய’ மகள். நம் ‘மரம்’, வேற்றுமை ஏற்றதும் ‘மரத்தின்’ ஆவது போன்றதுதான். மரியா ‘மரியாம்’ ஆவதும் அன்னா ‘அன்னே’ ஆவதும் இப்படியே. இதை அறியாத தரகர் ஒருவர் ஒரு பதிவில் தகப்பனாக வருபவர் வேறு, இன்னொரு பிள்ளையின் பதிவில் ஞானத்தகப்பனாக வரும் அதே ஆள் வேறு என்று இரண்டு வம்சத்தை வரைந்து, இரண்டுக்கும் தனித்தனியாகக் காசு வாங்கியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ‘ஃபிலியா’ என்றால் மகள், ‘மத்ரீனா’ என்றால் ஞானத்தாய். ஒரே அச்சில் வார்த்த வாக்கியம்தான் பக்கத்துக்குப் பக்கம் வரும் என்பதால், உங்கள் பங்கில் வயதான குருவானவர் ஒருவர் இருந்தால் பத்து நிமிடத்தில் வாசித்துச் சொல்வார்.

ஆங்கில உறுதியில் ஒன்றை மட்டும் பாருங்கள். அம்பாறை மாவட்டம் 1961இல்தான் பிரிக்கப்பட்டது. அதற்கு முந்திய எழுத்தில் அக்கரைப்பற்று, மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்ளேயே நிற்கும். “இது வேறு ஊர், வேறு ஆள்” என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சிங்களப் பதிவைக் கண்டு உங்கள் குடும்பத்தில் சிங்களத் தொடர்பு தேட வேண்டியதில்லை. பிறப்பு, குடும்பத்தின் ஊரில் அல்ல, பிறந்த இடத்துக்குரிய பிரிவில் பதியப்படுகிறது. பிள்ளை அம்பாறையில் பிறந்தால் அங்கிருந்த பதிவாளர் தம் மொழியில் எழுதினார், அவ்வளவுதான். சிக்கல் அது தமிழுக்குத் திரும்பும்போது வருகிறது. சிங்களத்தில் ழகரம் இல்லை. ‘குழந்தைவேல்’ அங்கே போய்த் திரும்பினால் ‘குலந்தைவேல்’ என்று வந்து நிற்பார், அந்த ஒரு எழுத்துக்காக நீங்கள் பல மாதம் அலைவீர்கள். ஆகவே மொழிபெயர்ப்பவரிடம் தாயாரின் அடையாள அட்டைப் பிரதியையும் சேர்த்துக் கொடுத்து, பெயர் எழுத்தைச் சரிபார்த்த பின்னரே முத்திரை வைக்கச் சொல்லுங்கள்.

உண்மையில் இதற்கும் நீங்கள் தனியார் மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டியதில்லை. சிங்களம் நிருவாக மொழியாயுள்ள இடத்திலும், பதிவேட்டின் பிரதியையோ அதன் மொழிபெயர்ப்பையோ தமிழில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தந்திருக்கிறது. கருமபீடத்தில் இதைக் கேட்டால், எதிர்க்கடையில் மொழிபெயர்ப்பார்கள் என்று விரலை நீட்டுவார்கள். தமிழ் அரசகரும மொழியாகி மூன்று தசாப்தம் கடந்த பிறகும் தாயின் பெயரைத் தன் மொழியில் வாசிக்க மகள் எதிர்க்கடைக்குப் போக வேண்டியிருப்பது எந்த ஊர் நியாயமோ எனக்குத் தெரியவில்லை. கோரிக்கையை எழுத்தில், இரண்டு பிரதியாகக் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்டதற்குப் பதில் வராது.

மூலப் பத்திரம் எதையும் முகவரிடம் விட்டு வராதீர்கள். ஏற்கெனவே விட்டிருந்தால், முற்பணப் பேச்சை எடுப்பதற்கு முன்னால் அதைத் திரும்பப் பெற்றுவிடுங்கள்.