பாலே ரூஸ் என்ற ரஷ்ய நடனக் குழுவுக்காக எழுதப்பட்ட இசையை நடனம் பார்க்காமல் கேட்டு ரசிக்க முடியுமா? எதிலிருந்து தொடங்கலாம்?

தாராளமாக முடியும். ஆனால் ஒவ்வோர் இடத்திலும் மேடையில் என்ன நடக்கிறது என்பதை அறிந்துகொண்டு கேட்டால்தான் அந்த இசை முழுமையாகத் திறந்துகொள்கிறது என்பது என் அனுபவம். செர்கெய் தியாகிலெவ் 1909-இல் பாரிஸில் தொடங்கி, 1929-இல் தாம் இறக்கும்வரை நடத்திய அந்தக் குழுவுக்காக ஸ்ட்ராவின்ஸ்கி, ராவெல், டெபுஸி முதலியோர் எழுதியவற்றை இன்று நாம் பெரும்பாலும் இசையாக மட்டுமே கேட்கிறோம்.

முதலில் கேட்க வேண்டியது 1913-இல் அரங்கேறிய ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’ என்று பலர் சொல்வார்கள். முதல் நாள் அரங்கில் எழுந்த கூச்சலின் கதை அவ்வளவு புகழ்பெற்றது. நான் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1911 ஜூன் 13 அன்று பாரிஸின் ஷாத்லே அரங்கில் பியர் மோன்தோ இசைக்குழுவை வழிநடத்த அரங்கேறிய ‘பெட்ருஷ்கா’வையே சொல்வேன். பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் கச்சேரிப் படைப்பாகத்தான் ஸ்ட்ராவின்ஸ்கி அதைத் தொடங்கினார். கேட்ட தியாகிலெவ் அதற்குள் ஒரு நாடகம் இருப்பதைக் கண்டுகொண்டு, பாலேவாக வளர்க்கத் தூண்டினார்.

பீட்டர்ஸ்பர்க் நகரத் திருவிழா ஒன்றில் வித்தைக்காரன் புல்லாங்குழல் ஊதி மூன்று பொம்மைகளுக்கு உயிர் கொடுக்கிறான். அவற்றுள் ஒன்றான பெட்ருஷ்கா தன் அறையில் அடைபட்டுத் தவிக்கும் காட்சியில், இரண்டு கிளாரினெட்டுகள் ஒரே நேரத்தில் இரு வேறு சுருதிகளில் வாசிக்கின்றன. ஒன்றின் ஆதாரம் ஷட்ஜம் (ஸ) என்றால் மற்றதன் ஆதாரம் பிரதி மத்யமம், அதாவது இரண்டு ‘ம’க்களில் உயர்ந்தது. பொம்மையின் உடலும் மனித மனமும் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடப்பதை இதைவிடச் சிக்கனமாக இசையில் சொன்னவர் எவரையும் நான் கேட்டதில்லை.

கடைசிக் காட்சியில் மூர் இனத்துப் பொம்மை பெட்ருஷ்காவை வாளால் வெட்டி வீழ்த்துகிறது. அந்தச் சாவுக்கு ஸ்ட்ராவின்ஸ்கி பெரிய முழக்கம் எதையும் எழுதவில்லை. கஞ்சிராவைப் போன்ற டாம்புரினைத் தரைக்கு மிக அருகில் பிடித்துத் தட்டையாக விழவிட வேண்டும் என்று குறித்திருக்கிறார். ஒரு சிறிய ஓசை, அவ்வளவுதான். கவனிக்காவிட்டால் தவறிப்போகும், கவனித்தவர்களுக்கு அது மறக்காது.

பதிவைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சாவுக்கு முன்பே ஆரவாரத்தோடு முடித்துவிடும் கச்சேரி முடிவு ஒன்றையும் ஸ்ட்ராவின்ஸ்கி எழுதியிருக்கிறார். அதைத் தவிர்த்து, முழு வடிவத்தையே கேளுங்கள். 1947-இல் அவர் இசைக்குழுவின் அளவைக் குறைத்துத் திருத்திய வடிவமும் நன்றே என்றாலும், 1911-இன் வண்ணச் செழிப்புக்கே என் வாக்கு. அடுத்து ராவெலின் ‘தாஃப்னிஸும் குளோயியும்’ படைப்பில் வரும் விடியற்காலைக் காட்சிக்குச் செல்லலாம்.

முழு வடிவத்தில், பொம்மலாட்டக் கொட்டகையின் கூரைமீது பெட்ருஷ்காவின் ஆவி தோன்றும்போது ட்ரம்பெட்டுகள் கிறீச்சிடுகின்றன; வித்தைக்காரன் அஞ்சி ஓடுகிறான். அதன்பின் தந்திகளை விரலால் மெல்லச் சுண்டும் ஒலியில் அதே ஷட்ஜமும் அதே பிரதி மத்யமமும் மீண்டும் வர, இசை அங்கேயே நின்றுவிடுகிறது.