பேஸ்காரர் பதில்கள்

ராணுவ பேண்டில் டியூபா வாசித்து ஓய்வு பெற்றவர். இப்போது பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் பேண்டு செட் நடத்துகிறார். இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்கு அவர் பதில் தருகிறார்.

ஐயா, செண்டையும் நாதஸ்வரமும் முழங்கும் ஊரில் இந்தப் பெரிய பித்தளைக் குழல் உங்கள் கைக்கு எப்படி வந்தது? (வாசகி, பொள்ளாச்சி)

எங்கள் செட்டுகளில் யாரும் டியூபா என்று சொல்வதில்லை அம்மா, 'பேஸ்' என்பார்கள். 1835இல் பெர்லினில் வீப்ரெக்ட் என்ற ராணுவ இசைத் தலைவரும் மோரிட்ஸ் என்ற கருவி செய்பவரும் காப்புரிமை வாங்கிய கருவி இது. அன்றிலிருந்தே பட்டாளத்துக்குச் சொந்தம். நானும் பட்டாளத்தில்தான் அதைப் பிடித்தேன். அதுவரை மாதா கோயில் தேருக்குக் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தவன். பச்மரி ராணுவ இசைப் பள்ளியில் என் தோளைப் பார்த்துவிட்டு பேஸைத் தூக்கிக் கொடுத்தார்கள். விருப்பமா என்று கேட்கும் வழக்கம் அங்கே கிடையாது. சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு முழு பேண்டுடன் வாசிக்கையில், நான் மூச்சு வாங்க நிறுத்தினால் பாட்டே மெலிவதைக் கேட்டேன். கிளாரினெட்டை அதன்பின் தொடவில்லை.

'பூம், பூம்' என்று ஊதுவதில் என்ன கலை? (வாசகர், கோவை)

என் மைத்துனரும் இதைத்தான் கேட்பார். சொல்கிறேன். ஸ்வரம் எங்கே தொடங்க வேண்டும் என்பதை டிரம்காரரே காட்டிவிடுவார். எங்கே முடிப்பது என்பது மட்டும்தான் என் பொறுப்பு. கொஞ்சம் இழுத்தால் ஊர்வலத்தின் நடை சோம்பும். நறுக்கென்று வெட்டினால் கால்கள் துள்ளும். பெரிய வெள்ளிக்கிழமை ஊர்வலத்துக்கும் தேர்த் திருவிழாவுக்கும் அதே நான்கு ஸ்வரங்களை வாசிக்கலாம். முடிக்கிற இடத்தை மாற்றினால் போதும், ஜனங்களின் முகம் மாறிவிடும். கீபோர்டில் பேஸ் பட்டனை அமுக்கி வைத்துவிட்டு வெற்றிலை போடுகிறவர்களுக்கு இது புரியாது.

தனி ஆவர்த்தனமும் உண்டு. லண்டன் சிம்பொனி இசைக்குழுவின் 50ஆம் ஆண்டுக்காக ஆங்கிலேய இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் 1954இல் டியூபாவுக்கென்றே ஒரு கான்செர்ட்டோ, அதாவது ஒரு கருவி முன்னே நிற்க இசைக்குழு கூட வாசிக்கும் இசை, எழுதினார். ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் பியானோ இசை ஒன்றை 1922இல் பிரெஞ்சுக்காரர் ராவெல் இசைக்குழுவுக்கு மாற்றி அமைத்தார். அதில் மாட்டுவண்டி ஒன்று வருகிறது. தூரத்தில் மெதுவாகத் தொடங்கி, பக்கத்தில் வந்து, கடந்து போகும். வண்டி இழுப்பது டியூபாதான். அதுவும் மேல் ஸ்தாயியில்! பெரிய பேஸை வைத்துக்கொண்டு அங்கே ஏற முடியாமல் பலர் சிறிய கருவிக்கு மாறிக்கொள்வார்கள்.

பெரிய நுரையீரல் வேண்டுமா? எனக்கு ஆஸ்துமா உண்டு. (மாணவர், வாளையார்)

டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஆனால் சிகாகோ சிம்பொனியில் 1944 முதல் 1988 வரை டியூபா வாசித்த ஆர்னால்ட் ஜேக்கப்ஸும் ஆஸ்துமாக்காரர்தான். நுரையீரலின் கொள்ளளவும் அவருக்குக் குறைவு. உலகமே அவரிடம் மூச்சுப் பாடம் கற்கப் போனது. எங்கள் குழலை நீட்டினால் சுமார் 18 அடி வரும். அதைப் பலத்தால் நிரப்ப முடியாது. கீழ் ஸ்தாயிக்குக் காற்று நிறைய வேண்டும், அழுத்தம் குறைவாக வேண்டும். பையன்கள் கன்னம் உப்ப, கழுத்து நரம்பு புடைக்க முக்குவார்கள். வெறும் உறுமல்தான் வரும்.

கர்நாடக சங்கீதம் வாசிக்க முடியுமா? (வாசகர், செங்கோட்டை)

ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகம் வராது. விரலால் அமுக்கும் வால்வுகளில் முதலாவது ஒரு முழு ஸ்வரம் இறக்கும், இரண்டாவது அரை, மூன்றாவது ஒன்றரை. இடையில் இருப்பதை உதட்டால் கொஞ்சம் வளைக்கலாம். தோடி ராகத்தை அப்படி வளைப்பதைக் காது தாங்காது. ஆனால் முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர் பேண்டு மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்தியம் செய்த நோட்டுஸ்வரங்கள் இருக்கின்றனவே! சங்கராபரண ஸ்வரங்கள், கமகமில்லாத நேர் நடை. எங்கள் செட்டில் அவற்றை ஆசையாக வாசிக்கிறோம்.

பாலக்காட்டுக் காற்று தொந்தரவு செய்யாதா? (வாசகி, சித்தூர்)

செய்யாமல் இருக்குமா? மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியே வரும் வறண்ட காற்றில் உதடு வெடிக்கும். உதடு வெடித்தால் பிழைப்பு போயிற்று. இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுப்பேன். பங்குனி வெயிலில் வேறு தொல்லை: குழலுக்குள் காற்று சூடேறினால் சுருதி ஏறிவிடும். தேர் புறப்படும் முன் சுருதிக் குழலைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைக்க வேண்டும்.

வருமானம்? (வாசகர், களியக்காவிளை)

பென்ஷன் இருக்கிறது. அது இல்லாதவர்கள் மழைக்காலத்தில் வயல் வேலைக்குப் போகிறார்கள்.

என் மகனுக்குப் பத்து வயது. எப்போது தொடங்கலாம்? (தாய், நகரி)

இப்போதே, ஆனால் டியூபாவில் வேண்டாம். பத்து கிலோவைத் தாங்கும் வயதல்ல. டியூபாவின் தம்பி மாதிரியான சிறிய குழல், யூஃபோனியத்தில் பழகட்டும், வால்வுக்கு விரல் வைக்கும் முறை பெரும்பாலும் அதேதான். மீரட்டில் செய்த பழைய கருவிகள் மலிவாகக் கிடைக்கும். வால்வுகள் தடங்கலின்றி ஏறி இறங்குகின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். குழலுக்குள் தண்ணீர் சேரும். அது பெரும்பாலும் எச்சில் அல்ல, மூச்சின் ஈரம்தான். இருந்தாலும் அதை வெளியேற்றும் சாவியை வாசலில் போய்த் திறக்கச் சொல்லுங்கள் அம்மா, துடைக்கப் போவது நீங்கள்தானே.