தோப்பில் கட்டிக் கிடந்த பாக்ஸர் நாயை ஃபாஸ்டர் எடுத்திருக்கிறோம், அதாவது நிரந்தர வீடு கிடைக்கும்வரை வைத்திருக்கிறோம். வீட்டுக்குள் இருக்க எப்படிப் பழக்குவது?

நீங்கள் சொல்லியிருப்பது மூன்று தொல்லை. நாய் வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கிறது, தரையில் கால் வைக்கவே பயப்படுகிறது, ராத்திரி தூங்காமல் சுற்றிச் சுற்றி வருகிறது. மூன்றுக்கும் சேர்த்து என் பதில் ஒன்றுதான்: அதற்கு முழு வீட்டையும் திறந்து விடாதீர்கள். ஓர் அறை போதும். அறை பெரிதென்றால் அதில் ஒரு மூலை.

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளம்தான், ஆனால் வீட்டிலும் தெருவிலும் தமிழ்தான். யாராவது ஆசைப்பட்டு ஜாதி நாய்க்குட்டி வாங்குவார்கள். அது வளர்ந்து வீட்டில் சமாளிக்க முடியாமல் போனதும் தென்னந்தோப்புக் காவலுக்கு அனுப்பிவிடுவார்கள். எங்களிடம் வந்த செம்பி அப்படித்தான் ஒரு மோட்டார் ரூம் பக்கத்தில் சங்கிலியில் கிடந்தாள். கழுத்தைச் சுற்றி முடி போய்த் தழும்பு, முன்னங்கால் முட்டியில் காய்ப்பு. நிரந்தர வீடு கிடைக்கும்வரை வைத்துக்கொள்ளச் சொல்லி மீட்டவர்கள் கொண்டு வந்து விட்டார்கள்.

சங்கிலி நாய்க்கு வீடு என்பது ஆறடி வட்டம். திடீரென்று ஹால், சமையலறை, மாடிப்படி எல்லாம் உன்னுடையது என்று விட்டால் அதற்கு அது சுதந்திரமாகத் தெரியாது, மிரட்சிதான் வரும். ராத்திரி சுற்றுவதும் அதனால்தான், எங்கே படுத்தால் யாரும் விரட்ட மாட்டார்கள் என்று அதற்குத் தெரியவில்லை. நாங்கள் ஹாலில் ஒரு மூலையில் பழைய ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டோம். சமையலறை வாசலுக்கும் பூஜை அறைக்கும் மூங்கில் தட்டி. இரண்டு பக்கமும் சுவர், எதிரே வாசல் தெரியும்படி இடம் இருந்தால் நாய் சீக்கிரம் அடங்கும். அந்த மூலையில் இருக்கும்போது யாரும் போய்த் தொடக் கூடாது, குழந்தைகளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சில நாள் ராத்திரி நான் அதே ஹாலில் பாய் போட்டுப் படுத்தேன். கொஞ்சவில்லை, பேசவும் இல்லை, சும்மா படுத்திருந்தேன். அது போதுமாயிருந்தது.

அடுத்து தரை. இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மண்ணில் வளர்ந்த நாய்க்கு டைல்ஸ் என்பது வழுக்குப் பாறை. ஒருமுறை நான்கு காலும் பரப்பி விழுந்தால் அப்புறம் அந்தப் பக்கமே வராது. முதலில் நகத்தைப் பாருங்கள். ஒரே இடத்தில் கட்டிக் கிடந்த நாய்க்கு நகம் தேயாமல் வளைந்து நீண்டிருக்கும், அதனாலேயே பாதி வழுக்கும். வெட்டத் தெரியாவிட்டால் கால்நடை மருத்துவமனையில் வெட்டச் சொல்லுங்கள், உள்ளே ரத்தக் குழாய் இருக்கிறது. அப்புறம் நாலைந்து சாக்கைச் சேர்த்துத் தைத்து, வாசலிலிருந்து அதன் படுக்கைவரை நடைபாதை மாதிரி விரித்துவிடுங்கள். அதன் மேல் ஒவ்வொரு அடிக்கும் ஒரு துண்டு வேகவைத்த கோழி. கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தைரியம் வந்த பிறகு சாக்கை ஒவ்வொன்றாக எடுக்கலாம். படுக்கை மட்டும் கனமாக இருக்கட்டும், முட்டிக் காய்ப்பு உள்ள நாய் வெறும் தரையில் படுத்தால் அந்த இடம் நீர் கோர்த்து வீங்கும்.

சிறுநீர் விஷயத்தில் அதைத் திட்டிப் பயனில்லை. கட்டிய இடத்திலேயே எல்லாம் போய்ப் பழகியதற்குப் படுக்கும் இடம் வேறு, போகும் இடம் வேறு என்ற எண்ணமே மங்கியிருக்கும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும், படுப்பதற்கு முன்பும் கொல்லையில் ஒரே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். முடித்த அந்த நொடியிலேயே தின்பதற்கு ஏதாவது கொடுங்கள், வீட்டுக்குள் வந்து கொடுத்தால் அதற்குக் காரணம் புரியாது. மற்ற நேரத்தில் கயிற்றை உங்கள் இடுப்பில் மாட்டிக்கொண்டு வேலையைப் பாருங்கள், மோப்பம் பிடித்து வட்டமடிக்கும்போதே தெரிந்துவிடும். வீட்டுக்குள் போய்விட்டால் சோப்புத் தண்ணீர், அப்புறம் வினிகர் கலந்த தண்ணீர். ஃபினாயில் வேண்டாம். நமக்கு வாடை போனதாகத் தோன்றும், நாய் மூக்குக்குப் போகாது. நாய் தன் கால்களை நக்கும்போது ஃபினாயில் வயிற்றுக்குள்ளும் போகும். ஒன்றிரண்டு வாரம் இப்படிப் பார்த்தும் குறையாவிட்டால், பெண் நாய் என்றால் முக்கியமாக, சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பரிசோதியுங்கள்.

வீட்டுச் சத்தங்களை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்த வேண்டும். சீலிங் ஃபேன் ஒன்றாம் நம்பரில் ஆரம்பிக்கலாம். குக்கர் விசில் செம்பிக்குப் பெரிய எதிரி. அவள் சாப்பாட்டு நேரத்தையே குக்கர் நேரத்துக்கு மாற்றிவிட்டோம். கொஞ்ச நாளில் விசில் கேட்டால் தட்டுக்கு ஓடி வர ஆரம்பித்தாள். பீரோக் கண்ணாடியில் தெரிந்த நாயைப் பார்த்து உறுமியதற்கு மட்டும் எங்களுக்கு வழி தெரியவில்லை, துணி போட்டு மூடினோம்.

எங்கள் பக்கத்துக்கென்றே இன்னொரு கஷ்டம் உண்டு. தமிழ் வீடுகளில் தீபாவளி, மலையாள வீடுகளில் விஷு, விஷுவுக்குக் கொஞ்சம் முன்னால் ஏப்ரல் தொடக்கத்தில் நென்மாரா வல்லங்கி வேலா என்ற கோவில் திருவிழா. அந்த வேலா வெடிக்கட்டுக்கு, அதாவது வாணவேடிக்கைக்கு, பெயர் போனது. எல்லைக்காரர்களுக்கு இரண்டு மாநிலத்துப் பட்டாசும் சொந்தம்! அந்த நாட்களில் இருட்டுவதற்கு முன்பே வெளியே கூட்டிப் போய்விட்டு, ஜன்னலைச் சாத்தி, டிவியைச் சத்தமாக வையுங்கள். பயத்துக்கு மாத்திரை கேட்கப் போனாலோ கருத்தடை அறுவைக்குப் போனாலோ, இது பாக்ஸர் என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அசிப்ரோமசின் என்ற மயக்க மருந்து பல பாக்ஸர்களுக்கு அளவுக்கு மீறி வேலை செய்யும், ரத்த அழுத்தம் விழுந்து மயங்கிவிடும். இந்த இனத்துக்கு இதயத் துடிப்புக் கோளாறும் அதிகம். ஓடும்போது திடீரென்று விழுந்து எழுந்தால் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள்.

இதையெல்லாம் விட ஆபத்து வெயில். ஜெர்மனியில் உருவான இனம் இது. நாய்க்கு மூச்சிரைத்துத்தான் உடம்பு தணிய வேண்டும். மூக்கு குட்டையான நாய்க்கு அந்த வேலை சரியாக நடக்காது. பாலக்காட்டுக் கணவாயில் மார்ச், ஏப்ரலில் 40 டிகிரி வரை போகும். காலை ஆறரைக்கு முன், மாலை இருட்டும் நேரம், இரண்டு வேளை மட்டும் நடை. தார் ரோட்டில் புறங்கையை ஐந்தாறு நொடி வைக்க முடியாவிட்டால் நாயும் நடக்கக் கூடாது. நாயின் சாதாரண உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டி, மூச்சு கரகரத்து, எச்சில் பிசினாக ஒழுகினால், வயிற்றிலும் தொடை இடுக்கிலும் தண்ணீர் ஊற்றி, ஃபேனுக்கு அடியில் நிறுத்தி, உடனே வண்டியை எடுங்கள். பகலெல்லாம் வீட்டுக்குள் இருப்பது இந்த இனத்துக்குச் செல்லம் இல்லை, தேவை. நாய்க்கு வாசலே போதும் என்று என் அத்தை, அதாவது மாமியார், வாதாடியபோது இதைத்தான் சொன்னேன். அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. இட்லி மட்டும் தட்டிக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தது.

சாப்பாட்டில், இங்கே எல்லோரும் மிச்சமான குழம்புச் சோற்றைத்தான் வைப்பார்கள். சாம்பாரிலும் குழம்பிலும் வெங்காயம், பூண்டு இருக்கிறது, இரண்டுமே நாயின் ரத்த அணுக்களைக் கெடுக்கும். பாயசத்து உலர் திராட்சையும் ஆகாது. சமைத்த கோழி எலும்பு வேண்டாம். எலும்பும் தோலுமாக வந்த நாயை ஒரே வாரத்தில் தேற்ற நினைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக மூன்று வேளை கொடுங்கள், சாப்பிட்டதும் ஓட விடாதீர்கள். பாக்ஸர் நெஞ்சுக் கூடு ஆழமான நாய், வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

வந்த வாரமே உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை, குடற்புழு மருந்து, பழைய சான்றிதழ் இல்லையென்றால் வெறிநாய்த் தடுப்பூசி. வயல் எலிகள் இருக்கும் ஊர் என்பதால் எலிக்காய்ச்சல் சேர்ந்த தடுப்பூசியும் கேளுங்கள். உள்ளூரில் முடியாத சிகிச்சை என்றால் திருச்சூர் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி இருக்கிறது. நீங்கள் கேரளப் பக்கம் என்றால் நாய்க்குப் பஞ்சாயத்து லைசென்ஸ் வேண்டும். யார் பெயரில் எடுப்பது என்று மீட்டவர்களிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

அக்கம்பக்கத்தில் "இது தடை பண்ணின நாயாச்சே" என்று யாராவது வருவார்கள். 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 வகை நாய்களைப் பற்றி அனுப்பிய சுற்றறிக்கையில் பாக்ஸர் இல்லை. அந்தச் சுற்றறிக்கையையும் அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. முகத்தைப் பார்த்து பிட்புல் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். சந்தோஷம் வந்தால் உடம்பை முந்திரிக்கொட்டை மாதிரி வளைத்துக்கொண்டு பக்கவாட்டில் வருவதை ஒருமுறை பார்த்தால் பயம் தெளிந்துவிடும். ஆனால் ஆளின் மேல் தாவும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில், நான்கு காலும் தரையில் இருந்தால்தான் கவனிப்பேன் என்று முதல் நாளிலிருந்தே பிடிவாதமாக இருங்கள்.

இன்னொன்று, உங்களிடம் இருக்கும்போதே தனியாக இருக்கவும் பழக்குங்கள். ஐந்து நிமிடம் வெளியே போய் வருவது, அப்புறம் பத்து, அப்புறம் அரை மணி. ஃபாஸ்டர் வீட்டில் ஒரே ஆளோடு ஒட்டிக்கொண்ட நாய் அடுத்த வீட்டில் கதவைப் பிறாண்டும். கொடுக்கும்போது அதன் நேரங்கள், பயங்கள், என்ன சொன்னால் வரும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். படுத்த துணியையும் துவைக்காமல் கொடுங்கள், பழகிய வாசனை புது வீட்டில் துணையாக இருக்கும். நான் செம்பியின் ஜமுக்காளத்தை அப்படித்தான் கொடுத்தேன், தாளிலும் எழுதியிருந்தேன். அவர்கள் முதல் வேலையாக அதைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டு எனக்குப் படம் எடுத்து அனுப்பினார்கள்.