மழையா, வைரஸா? குழந்தைகள் சளிக்காய்ச்சல்: மலேசியப் பெற்றோர் கேள்வி, டாக்டர் பதில் (ஊர்ப்பெயர் கேட்பவரைக் குறிக்கும்)

செந்தூல்: தாஸ்காவில் (குழந்தைக் காப்பகத்தில்) சேர்ந்ததிலிருந்து மகளுக்கு மாசா மாசம் சளி. எதிர்ப்புச் சக்தி குறைவா, டாக்டர்?

பதில்: இல்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு ஆண்டில் எட்டுப் பத்துத் தடவை வரலாம். ஒரு இருமல் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். அது அடங்குமுன் அடுத்தது. எடை ஏறினால் போதும்.

ஜெலுத்தோங்: பச்சைச் சளிக்கு ஆன்டிபயாடிக்?

பதில்: நிறம் எதையும் சொல்லாது. வைரஸுக்கு அது வேலை செய்யாது. போன தடவை மிஞ்சிய புட்டியைத் திறக்காதீர்கள்.

செராஸ்: மழையில் நனைந்த மறுநாளே மூக்கு ஒழுகுதே?

பதில்: நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள். சின்னப் பிள்ளைகளின் மூச்சுக்குழலைத் தாக்கும் ஆர்எஸ்வி என்ற வைரஸ் தொற்றி அறிகுறி காட்டப் பெரும்பாலும் 4 முதல் 6 நாள். நனைந்தது நேற்று, கிருமி போன வாரமே வந்துவிட்டது. கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1982 முதல் 2008 வரை, ஐந்து வயதுக்குட்பட்ட உள்நோயாளிகளிடம் கண்ட வைரஸ்களில் பத்துக்கு ஏழு ஆர்எஸ்வி. ஆண்டு முழுக்க உண்டு, கடைசி மாதங்களில் கூடும். ஆனால் அந்தப் பரிசோதனைப் பட்டியலில் சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோவைரஸ் இல்லை, தேடாதது கிடைக்காது.

செராஸ்: கடைசி மாதங்கள்னா மழைக்காலம்தானே! நீங்களே ஒத்துக்கிட்டீங்க.

பதில்: சந்தேகம் மழைக்காலத்தின் மேல், மழைத்தண்ணீர் மேல் அல்ல. சன்னலை அடைத்து, ஏர்கோன் போட்டு, பதினைந்து பிள்ளைகளை ஓர் அறையில் வைத்தால் என்ன ஆகும்? பொம்மை, மேசை மேல் ஆர்எஸ்வி சில மணி நேரம் உயிரோடிருக்கும்.

ஜெலுத்தோங்: மழைத்தண்ணீர் காரணமில்லைன்னா மாமியார் நம்ப மாட்டாங்க.

பதில்: தலையைத் துவட்டட்டும், கெடுதல் இல்லை. கையையும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

பிறை: ஏழு மாதக் குழந்தை, மூன்றாம் நாள், மூச்சு வேகம். எப்போது ஓடணும்?

பதில்: இதுதான் முக்கியமான கேள்வி. அழாதபோது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் பிசகும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40: அதைத் தொட்டாலே வேகம், அன்றே காட்டுங்கள். விலா உள்ளே இழுத்தால், பால் குடிக்க முடியாவிட்டால், உதடு நீலமானால், மூச்சு நின்று நின்று வந்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், எமர்ஜென்சிக்குப் போங்கள். கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் ஆர்எஸ்வியால் வரும் மூச்சுச் சிறுகுழல் அழற்சி (நுரையீரலின் சின்னக் குழல்கள் வீங்குவது) 3 முதல் 5 நாளில்தான் உச்சம். இரண்டாம் நாள் நன்றாக இருந்தது என்று அசந்துவிடாதீர்கள்.

செந்தூல்: வாயில் புண், உள்ளங்கையில் கொப்புளம்?

பதில்: கை கால் வாய் நோயாக இருக்கலாம். அது வேறு, கிளினிக்கில் காட்டுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்: ஃபுளு ஊசி போட்டும் சளி வருதே?

பதில்: அது இன்ஃபுளுவென்சாவுக்கு மட்டும்.

பட்டர்வொர்த்: மஞ்சள் சளின்னா ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா?

பதில்: ஜெலுத்தோங்காருக்குச் சொன்னதுதான். பச்சையை மஞ்சளாக்கிப் படியுங்கள்.